குளிருக்குப் பிறகு ஜெக்கரியா பயணம் சொல்ல வந்தது

முத்துப்பேட்டை
திங்கட்கிழமை

அருமை மகள் ஹாஃபிஸாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி ஒன்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நான் அல்லாஹ்வின் கிருபையில் குறையில்லாமல் இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளை ஜாஹித்தும் பேரன் ஆஸிமும் அங்கே சளி காய்ச்சல் அண்டாமல் இருக்கவேண்டும் என்று ஐந்து வக்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆஸிம் இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறானா, வீடியோவில் பார்த்தபோது கால் கொஞ்சம் வளைந்தாற்போல் தெரிந்தது, நல்லெண்ணெய் தடவி நீவிவிடு, டாக்டர் வேண்டாம் என்றால் டாக்டருக்குத் தெரியாமல் தடவு. உங்கள் வாசலில் உறைந்து கிடந்த ஐஸில் நீ வழுக்கி விழுந்ததை மாப்பிள்ளை சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன், நீ வாயைத் திறக்கவில்லை. என்னிடம் மறைப்பது இந்த வீட்டில் எல்லாருக்கும் கைவந்த கலையாகிவிட்டது.

இந்தத் தை மாதம் இங்கே விழுந்த குளிரைச் சொன்னால் கனடாவில் இருக்கிற நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் முத்துப்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு இப்படி ஒரு குளிர் நினைவில் இல்லை. பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உச்சி வெயிலில் வைத்தும் இளகவில்லை. காலையில் எழுந்தால் எதிர்வீட்டுச் சுவர் தெரியாத பனி, அலையாத்திக் காட்டுப் பக்கம் போகும் படகுகள் எல்லாம் கரையிலேயே கட்டிக்கிடந்தன, விடியலில் பஜ்ரு தொழப் போகிற ஆண்கள் குரங்குக் குல்லாவும் மேலே ஒரு துண்டுமாகப் போனார்கள், யார் எவர் என்றே அடையாளம் தெரியவில்லை. என் கல்யாணத்துக்கு வந்த காஷ்மீர் சால்வையை இத்தனை வருடம் கழித்து முதல்தடவையாகப் பிரித்தேன், அந்துருண்டை வாசனையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோழிகளில் இரண்டு விறைத்துச் செத்தன. ஒரு வாரம் விடாமல் இப்படி. எனக்கு என் உடம்பைப் பற்றிக் கவலை இல்லை, வயலைப் பற்றித்தான் கவலை. நெல் பால் பிடிக்கிற நேரத்தில் இப்படிக் குளிர் அடித்தால் மணி திரளாமல் மொத்தமும் பதராகப் போய்விடும். வேறு வருடமாக இருந்தால் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இந்த வருடம் விட முடியாது.

ஏன் என்று உனக்கே தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்கு ஆறும். அந்த நாலு மா நிலம் என் அத்தா எனக்குக் கல்யாணத்துக்குக் கொடுத்தது, பட்டாவும் என் பேரில். உன் அத்தா ஜாஃபர் சாதிக் அதில் உழுததெல்லாம் எனக்காகத்தான். புயல் அடித்த வருடம் உன் சாச்சா, அத்தாவின் கூடப்பிறந்த தம்பி ஜெக்கரியா, அவர் என்று எழுதக் கை வரவில்லை, நீ பெரியவர்களை மரியாதையாகச் சொல்லி வளர்ந்தவள் என்பதற்காக எழுதுகிறேன், நம் வரப்பை ஒட்டின தன் இறால் குட்டைகளில் இருந்த உப்புத் தண்ணீரை எல்லாம் நம் வயலில் திறந்துவிட்டார். திறந்துவிட்டுப் பள்ளிவாசலில் ஜமாஅத் முன்னால் போய், புயலில் கடல் தண்ணீர் ஏறிவிட்டது, அல்லாஹ்வின் நாட்டம், யார் என்ன செய்ய முடியும் என்று சொன்னார். நான் வரப்பைப் போய்ப் பார்த்தவள். தண்ணீர் அரித்த வரப்பு ஓரம் சரிந்து கிடக்கும். இது மண்வெட்டியால் வெட்டி எடுத்த வெட்டு, இரண்டு பக்கமும் சுவர்போல் நேராக இருந்தது. அதைச் சொன்னதற்கு, "பொம்பளைக்கு வரப்பைப் பத்தி என்னா தெரியும்" என்று ஒருத்தர் சிரித்தார், மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். உன் அத்தா எனக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நம்ம ஜெக்கரியா அப்படிச் செய்ய மாட்டான், விடு மெஹராஜ்" என்றார். அப்புறம் வருடக்கணக்காக அந்த நிலத்தில் போட்டது எதுவும் முளைக்கவில்லை, வெயில் காலத்தில் தரை வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும். உப்பு வயலில் உழுகிற ராவுத்தர் என்று கடைத்தெருவில் உன் அத்தாவுக்குப் பேரே வைத்துவிட்டார்கள். அந்தப் பேரோடுதான் அவர் மண்ணுக்குள் போனார்.

அன்றைக்கு நான் எடுத்த முடிவுதான், அந்த வீட்டில் நான் கை நனைப்பதில்லை, அந்த வீட்டு ஆள் என் வீட்டில் கை நனைக்கக்கூடாது. அவர் மகள் நிக்காஹ்வுக்கு வீட்டில் வந்து அழைத்தார்கள், போய் மணமக்களுக்கு துஆ கேட்டுவிட்டு விருந்துக்கு முன்னால் எழுந்து வந்துவிட்டேன். நாலு பேர் ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்காருகிற இடத்தில் என் இடம் காலியாக இருந்ததை ஊரே பார்த்தது, பார்க்கவேண்டும் என்றுதான் எழுந்து வந்தேன். மௌலிதுக்கு அவர்கள் கொடுத்தனுப்பும் நார்சாச் சோற்றை வாங்கின கையோடு திருப்பி அனுப்பினேன். தெருவில் எதிர்ப்பட்டு சலாம் சொன்னால் பதில் சலாம் சொல்லாமல் இருப்பது குற்றம், அதனால் மனசுக்குள் சொல்லிவிட்டு முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வேன். உன் அத்தா மௌத்தான அன்று அவர் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்ததை என்னால் தடுக்க முடியவில்லை, ஆனால் மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குச் சொல்லவில்லை. இதெல்லாம் சின்னத்தனம் என்று நீ நினைக்கலாம். பெரிய பழி வாங்க எனக்கு வசதி இல்லை, இருக்கிற வசதிக்குச் செய்தேன்.

உன் அத்தா போனபிறகு நானும் நம் வயலைப் பார்த்துக்கொள்கிற இராஜாங்கமும் சேர்ந்து அந்த மண்ணோடு மல்லுக்கட்டினோம். ஜிப்சம் போட்டு, மழைத் தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து அப்படியே மடக்கி உழுது, இந்த சம்பாவுக்குத்தான் முதல்தடவையாகப் பயிர் தலை நிமிர்ந்து நின்றது. அதனால்தான் குளிர் விட்ட மறுநாளே, கால் வலிக்கு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இராஜாங்கத்தின் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய்விட்டேன். நீ திட்டுவாய், தெரியும், சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் போனேன். தெற்குப் பக்கம் நடவு பிந்திய ஓரத்தில் கதிர் நிமிர்ந்தே நின்றது, கையால் உருவினால் வெறும் உமி. அப்புறம் இராஜாங்கம் உள்ளே இறங்கி நடுவயலில் ஒரு கதிரை ஒடித்து வந்து நீட்டினார். பல்லால் கடித்தேன், பால் இறுகி அரிசியாகிக்கொண்டிருந்தது. முன்னாலேயே பூத்துவிட்டதால் தப்பித்துவிட்டது. "ஓரம் போச்சும்மா, நடுவுல நிக்கிது, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல" என்றார். நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுதலாம், ஆனால் உன் அத்தா இதைப் பார்க்கவில்லையே என்ற ஆத்திரத்தில் அழுதேன்.

அழுது முடித்த பிறகுதான் நாற்றம் மூக்கில் ஏறியது. அதோடு இன்னொன்றும் உறைத்தது, சத்தமே இல்லை. ஜெக்கரியாவின் குட்டைகளில் ராப்பகலாகத் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கும் ஏரேட்டர்கள் எல்லாம் நின்றுபோயிருந்தன. எழுந்து பார்த்தேன். குட்டை ஓரம் முழுக்க இறால் செத்து ஒதுங்கிக் கிடக்கிறது, காக்காயும் கொக்கும் பருந்தும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தின்கின்றன. குளிரில் இறால் தீனி எடுக்காமல் நோஞ்சானாகி வெள்ளைப்புள்ளி நோய் விழுந்துவிட்டதாம், ஒரு குட்டையில் வந்தது எல்லாக் குட்டைக்கும் பரவிவிட்டதாம். இன்னும் கொஞ்ச நாளில் பிடிக்கவேண்டிய இறால். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன் ஹாஃபிஸா, எனக்கு மனசு குளிர்ந்தது. அந்த ஒரு வாரக் குளிரில் உடம்புதான் குளிர்ந்தது, மனசு அன்றைக்குத்தான் குளிர்ந்தது. அடுத்தவர் நஷ்டத்தில் சந்தோஷப்படக்கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான், இப்போது நானே சந்தோஷப்பட்டேன், அதையும் வாய்விட்டு அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன். இராஜாங்கம் காதில் விழாதது மாதிரி மடையைக் குத்திக்கொண்டிருந்தார்.

குட்டைக் கரையில் ஜெக்கரியா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார், நம் வரப்பில் கால் வைக்காமல் அந்தப் பக்கமே நின்று சலாம் சொன்னார். ஆள் பாதியாகிவிட்டார், தாடி முழுக்க வெளுத்துவிட்டது. அண்ணன் மனைவி என்ற உரிமையில், "மச்சி, இது ஒங்க பதுவாதான், எனக்குத் தெரியும்" என்றார். நான் பதுவா செய்ததில்லை, பொறுப்பை அல்லாஹ்விடம் ஒப்படைத்ததோடு சரி, ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து. என் சாபம்தான் என்று நினைத்துக்கொண்டு கிடக்கட்டும். அப்புறம் சொன்னார், அடுத்த வியாழக்கிழமை அவரும் உன் சாச்சி அனீஸாவும் மக்காவுக்கு உம்ரா கிளம்புகிறார்களாம், டிக்கெட் எல்லாம் முன்பே போட்டது, ஊரில் எல்லாரிடமும் பயணம் சொல்லிவிட்டு வருகிறார்களாம், என் வீட்டுக்கு வரத்தான் தைரியம் இல்லையாம். "நான் ஏதும் தப்புத் தண்டா செஞ்சிருந்தா பொறுத்துக்குங்க மச்சி" என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

பயணம் சொல்வது என்றால் நம் ஊரில் எப்படி என்று உனக்கு மறந்திருக்காது. அந்தப் புனித பூமிக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்பார்கள், இவர்களும் பொறுத்துக்கொண்டோம், எங்களுக்கும் அங்கே துஆ கேளுங்கள் என்பார்கள், ஒரு டீ, ஒரு கட்டிப்பிடிப்பு, அடுத்த வீடு. ஏதாவது. இருந்தால். என் வயலைக் கெடுத்து உன் அத்தாவைப் பார்த்துத் தெருவையே சிரிக்கவைத்தது அவருக்கு 'ஏதாவது' ஆகிவிட்டது. நான் சொன்னேன், செத்த இறாலுக்கு நடுவில் நின்று கேட்பது பயணம் சொல்வது ஆகாது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, தொழவைக்கிற ஹஜ்ரத்தையும் அன்றைக்குப் பள்ளிவாசலில் சிரித்தவர்களையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வாங்க, வந்து என்ன தப்பு செய்தீர்கள் என்று பேர் சொல்லிக் கேளுங்கள் என்றேன். முகம் செத்துப்போனது. சரி மச்சி என்று மட்டும் சொன்னார்.

நடுவில் ஒரு விஷயம், மறந்துவிடப் போகிறேன். மாடித் தொட்டியின் மூடி காற்றில் போய்விட்டது, புதிதாக வாங்கிப் போட்டாயிற்று. இராஜாங்கத்தின் மகள் பிரகதீஸ்வரிக்குத் தரங்கம்பாடிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்துவிட்டது, அவள் கல்யாணத்துக்கு நீ ஏதாவது அனுப்பவேண்டும், இப்போதே சொல்லி வைக்கிறேன். நீ அனுப்பின குளிர் மாத்திரையோ வைட்டமினோ ஏதோ ஒன்று, அது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாயெல்லாம் மீன் நாற்றம், இனி அனுப்பாதே.

வெள்ளிக்கிழமைக்குள் நான் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துவிட்டேன். மாவு பிசையும்போதும் சொல்லிப்பார்த்தேன், தொழுதுவிட்டு உட்கார்ந்தபோதும் சொல்லிப்பார்த்தேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். திட்டம் இதுதான். அவர் தன் வாயால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும், அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாரும் கேட்கவேண்டும், கேட்ட பிறகு நான், காது குளிரக் கேட்டுக்கொண்டேன், ஆனால் பொறுக்க மாட்டேன், போய்வாருங்கள் என்று சொல்லவேண்டும். என் ஹக்கு, எனக்குள்ள உரிமை, என்னிடம்தான் இருக்கிறது, நான் மன்னித்தால்தான் அல்லாஹ்வும் அதை மன்னிப்பான் என்று ஹஜ்ரத்தே எத்தனையோ பயானில் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் கஃபாவைச் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றிலும் மெஹராஜ் பேகம் மன்னிக்கவில்லை என்பது காலில் முள்ளாகக் குத்தவேண்டும். அதுதான் எனக்கு வேண்டியது.

ஜும்ஆ முடிந்து வந்தார்கள். பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தேன். ஹஜ்ரத்துக்கு மட்டும் ஒரு கிளாஸ் தண்ணீர், வேறு யாருக்கும் எதுவும் வைக்கவில்லை, டீ போடக்கூட அடுப்பு பற்றவைக்கவில்லை. அனீஸா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடிக்கப் பார்த்தாள், நான் முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் கையை இழுத்துக்கொண்டேன். ஜெக்கரியா எழுந்து நின்றார். முதலில் வழக்கமான பாட்டையே பாடினார், ஏதும் தப்பு செய்திருந்தால் என்று. பேர் சொல்லிக் கேளுங்கள் என்றேன். ஹஜ்ரத்தும் ஆமாம், அதுதான் முறை என்றார். ஜெக்கரியா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொயலுக்கு மறுவாரம் குட்டையைக் காலி பண்ண வேண்டியிருந்துச்சு. வடிகாலெல்லாம் மரம் விழுந்து அடச்சிக் கெடந்துச்சு. நான்தான் மச்சியோட வரப்ப மம்பட்டியால வெட்டி உப்புத் தண்ணிய அங்குட்டுத் திருப்பிவிட்டேன். கடல் தண்ணின்னு பள்ளியாசல்ல நின்னு சொன்னது பொய்." அன்றைக்குச் சிரித்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருத்தரும் தலையைத் தூக்கவில்லை. எத்தனை வருடம் இதற்காகக் காத்திருந்தேன், அந்த நிமிஷம் பிரியாணி மாதிரி இருந்தது.

நான் என் மனப்பாடத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "இத நான் அண்ணன்கிட்டயே சொல்லிட்டேன் மச்சி. அண்ணன் பொறுத்துக்கிட்டாரு" என்றார். மௌத்தானவரைச் சாட்சிக்கு இழுக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கத்தினேன். பொய், பொய் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தக் கோபத்தில் வார்த்தையும் விட்டுவிட்டேன், அவர் பொறுத்துக்கொண்டது மட்டும் உண்மையாக இருந்தால் நானும் பொறுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள், அவர் சொல்லை நான் என்றைக்கு மீறியிருக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு, அது பொய் என்று.

ஜெக்கரியா நிதானமாகச் சொன்னார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உன் அத்தாவைப் பார்க்க வந்தாராம். நான் மதியம் லுஹர் தொழப் போயிருந்தேனாம். நீ கட்டில் பக்கத்தில் நின்றாயாம். எல்லாவற்றையும் சொல்லி அழுதாராம். "அண்ணன் மச்சி வச்சிட்டுப் போன கஞ்சி டம்ளரை எடுத்து என் கையில குடுத்து குடிடான்னாரு. நான் மாட்டேன்னேன். குடி, ஒன்னோட கை நனைச்சாச்சு, முடிஞ்சிபோச்சு, மெஹராஜுக்குத் தெரிய வேணாம், அவ விடமாட்டான்னாரு. அழுதுகிட்டே குடிச்சேன்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த அறையில் இருந்த யாரும் தெரியவில்லை.

உனக்கு அந்த டம்ளர் நினைவிருக்கும். நாலைந்து நாளாக உன் அத்தா உள்ளே ஒன்றும் இறக்கவில்லை, எதைக் கொடுத்தாலும் வாயைத் திருப்பிக்கொண்டார், டாக்டர் வேறு உதட்டைப் பிதுக்கிவிட்டார். அன்றைக்கு நான் விடியலில் எழுந்து தேங்காய்ப் பாலும் வெந்தயமும் போட்டு, நோன்புக்கு அவருக்குப் பிடிக்கிற பக்குவத்தில் காய்ச்சி எடுத்து வந்து வைத்துவிட்டுத் தொழப் போனேன். திரும்பி வந்தால் டம்ளர் காலி. நீ குழாயடியில் அதைக் கழுவிக்கொண்டிருந்தாய். குடித்தாரா, முழுக்கக் குடித்தாரா என்று கேட்டேன், நீ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தலையை ஆட்டினாய். நீயும் என்னைப்போல் சந்தோஷத்தில் அழுகிறாய் என்று நினைத்தேன். வார்டில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன், ஊருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன், அவர் பிழைத்துவிட்டார், என் கஞ்சியை ஒரு சொட்டு வைக்காமல் குடித்துவிட்டார் என்று. மறுநாள் பஜ்ருக்கு முன்னால் மௌத்து. அதற்கு அப்புறமும் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது, கடைசியாக அவர் வயிற்றில் போனது என் கையால் காய்ச்சியது என்று. இத்தனை நாள் அதை வைத்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தேன். அதையும் ஜெக்கரியா குடித்துவிட்டார். என் வீட்டில் கை நனைக்கக்கூடாது என்று யாரை விரட்டினேனோ அந்த ஆளுக்கு உன் அத்தாவே என் கஞ்சியைக் கொடுத்திருக்கிறார்.

அது உண்மை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. குழாயடியில் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. ஹஜ்ரத் மெதுவாக, என்னம்மா சொல்றீங்க என்று கேட்டார். உண்மை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் வாயால் நானே கட்டிக்கொண்ட கட்டு, அவருக்கு மன்னிப்பு வந்து சேர்ந்திருக்கும். நான் சொல்லவில்லை. என் மகள் அங்கே நின்றாள் என்கிறீர்கள், அவள் சொல்லட்டும் என்றேன். யாரோ ஒருத்தர் உடனே செல்ஃபோனை எடுத்து, இப்பவே வீடியோ காலில் கேட்டுடலாம் என்றார். நான் விடவில்லை. மௌத்தானவர் சொன்ன வார்த்தை, விளையாட்டுக் காரியம் இல்லை, என் மகள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும், நான் அவள் எழுத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஹஜ்ரத், அது அவங்க ஹக்கு, அவங்க கேட்கிற சாட்சி நியாயம்தான், வேற யாரும் அந்தப் பிள்ளைக்கு ஃபோன் போட்டு நெருக்கக்கூடாது என்று கட்டளையே போட்டுவிட்டார். ஜெக்கரியா, பயணத்துக்கு முன்னாடி வந்துடுமா மச்சி என்று கேட்டார். அல்லாஹ் நாடினால் வரும் என்றேன்.

நேற்று நீ ஃபோன் செய்தபோது வயலையும் குளிரையும் பேசினேனே தவிர இதை மூச்சுவிடவில்லை, ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். நாளைக்கு இதைத் தபால் ஆபீஸில் கொண்டுபோய் நானே போடுவேன். ஸ்பீட் போஸ்ட்டா என்று கேட்பார்கள், சாதாரணத் தபால் போதும் என்று சொல்வேன். உன் கைக்கு இது வர மூன்று வாரமோ ஒரு மாதமோ ஆகும். அதற்குள் ஜெக்கரியா போய் எல்லாச் சுற்றும் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருப்பார், என் வார்த்தை இல்லாமல். திரும்பி வந்தவர் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவந்து என் வாசலில் நிற்பார், நிற்கட்டும். அப்புறம் உன் கடிதம் வரும், நானும் பொறுத்துக்கொண்டேன் என்று சொல்வேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன். ஆனால் அங்கே நின்றபோது அவருக்கு அது கிடைத்திருக்காது. நான் செய்வது நல்லது இல்லை என்று எனக்குத் தெரியும். உன் அத்தா இருந்தால் இரண்டு நாள் என்னோடு பேச மாட்டார். அவர்தான் இல்லையே. ஊருக்கெல்லாம் நல்லவராக இருந்து, அந்த மனுஷனுக்கு மன்னிப்பையும் கொடுத்து, என் கஞ்சியையும் கொடுத்து, எனக்கு மட்டும் சொல்லவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைப் பிடித்துக் கேட்க முடியவில்லை, அதனால் இவரைப் பிடித்து வைத்திருக்கிறேன். உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் நீ என் வயிற்றில் பிறந்தவள், உன்மேல் வைக்கிற கோபம் இந்தக் கடிதம் முடிவதற்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கிறது.

அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளையும் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் தரட்டும், ஆஸிம் தன் நன்னாவின் பொறுமையோடும் இந்த நன்னியின் ரோஷத்தோடும் வளரட்டும். காலுக்கு நல்ல ஷூ வாங்கிப் போட்டுக்கொள், ஐஸில் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நட. ஜமாஅத்துக்குக் காட்டவேண்டிய பதிலைக் கைப்பட எழுதி நிதானமாகச் சாதாரணத் தபாலிலேயே போடு, நடந்ததை நடந்தபடி எழுது, அவசரம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, எந்த நேரமாக இருந்தாலும், எனக்கு ஃபோன் செய்து சொல். அதை நேற்றே உன்னிடம் கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் மற்றதும் தெரிந்ததாகிவிடும், அவருக்கு மன்னிப்பு போய்ச் சேர்ந்துவிடும், அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நானும் இந்தத் தபாலோடு சேர்ந்து ஒரு மாதம் காத்திருக்கப்போகிறேன். டம்ளரை ஜெக்கரியா கையில் கொடுப்பதற்கு முன்னால், உன் அத்தா அந்தக் கஞ்சியில் ஒரு வாயாவது குடித்தாரா?

உன் அன்பு அம்மா,
ஜா. மெஹராஜ் பேகம்